படகோட்டியின் மூன்றாவது காயம்

வாரத்தில் ஆறு நாள் நான் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பேன். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் விசில் தொங்கும், நடுவராகிவிடுவேன். இத்தனை வருடமாக ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவள் நடுவராக இருந்தால் தப்பு நடக்காது என்று எங்கள் குழுவில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். வேறு யாருக்கும் அந்த வேலை பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

வேஷம் கட்டி ஆடுகிற விளையாட்டு அது. மேடை கிடையாது, பார்க்க ஆள் கிடையாது, எழுதிவைத்த வசனமும் கிடையாது. ஈஜோக் பக்கம் உள்ளே போனால் எங்களில் ஒருவருடைய மாமாவுக்குச் சொந்தமான, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் சின்னதாக ஒன்று இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அங்கே இருபது பேர் போலக் கூடுவோம். பசியாறிவிட்டு, பழைய வேட்டி, துப்பட்டா, திரைச்சீலை என்று கையில் கிடைத்ததைச் சுற்றிக்கொண்டால் அதன்பின் நாங்கள் வேறு ஆட்கள். பாதிப் பேர் மேட்டுநாடு, பாதிப் பேர் ஆற்றுநாடு. சாயங்காலம் வரை தூது போவோம், சதி செய்வோம், சண்டை போடுவோம். பொழுது சாய்ந்தால் அவரவர் காடியில் ஏறி வீட்டுக்கு.

வாளும் ஈட்டியும் குழாயில் பஞ்சுக் குழலைச் சுற்றிச் செய்தவை. அடித்தாலும் வலிக்காது. வலிக்காத அடியில் என்ன சிக்கல் என்றால், பட்டதா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் முனையில் ஒரு துணிமூட்டை கட்டினோம். மேட்டுநாட்டுக்காரர்களின் மூட்டையில் மஞ்சள் தூள், ஆற்றுநாட்டுக்காரர்களின் மூட்டையில் அடுப்புக்கரித் தூள். சட்டையில் தடம் விழுந்தால் காயம். மூன்று காயம் ஆனால் சாவு. செத்தவர் தலையில் வெள்ளைத் துண்டு கட்டிக்கொண்டு, கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மைலோ கலக்க வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வேறு யாராகவாவது வரலாம். செத்த அதே ஆளாக மட்டும் திரும்ப வரக் கூடாது.

என் கணவர் நான்கு வருடமாகப் படகோட்டி. தோட்டத்தின் நடுவே ஒரு பாரிட் ஓடுகிறது, கால்வாய் என்று சொல்லலாம், தாண்டிக் குதித்தால் அந்தப் பக்கம். அதுதான் எங்கள் பேராறு. அதன்மேல் ஒரு பலகை. அந்தப் பலகைதான் படகு. கடக்க வருகிறவர்களிடம் படகோட்டி ஒரு கேள்வி கேட்பார், பதில் சொன்னால்தான் வழி. கேள்வி என்றால் விடுகதை இல்லை. "நீ கடைசியா யாருகிட்ட மன்னிப்பு கேட்ட?" "ஒனக்கு வழி தெரியாம போன இடத்துல மொதல்ல என்ன பாத்த?" இப்படி. ராஜா வேஷம் கட்டியவர் பலகையில் நின்றுகொண்டு ஐந்து நிமிடம் யோசித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மனிதர் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். புக்கிட் பெருந்துங்கில் ஒரு கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், சுவரைப் பார்ப்பார். நான் அவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. பலகை அருகே அவர் சிரித்துப் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான், இந்தக் குரல் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது என்று நினைப்பேன்.

அந்தத் தோட்டத்தின் மதிய நேரத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. மரங்கள் நட்டு ஐந்து வருடம்தான் இருக்கும். மட்டைகள் தாழ்ந்து தரையைத் தொடும். எந்த வரிசையில் நின்றாலும் இதே வரிசையில்தான் முன்பும் நின்றோம் என்று தோன்றும். வெயில் மட்டைகளுக்குள் புகுந்து பச்சையாகிக் கீழே வரும். செம்பனையின் ஆண் பூ மலர்கிற காலத்தில் காற்றில் சோம்பு வாசனை அடிக்கும், யாரோ பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு நடந்து போவது போல. அந்த வாசனையில் மேட்டுநாடும் ஆற்றுநாடும் நிஜமாகவே இருக்கின்றன என்று நம்பிவிடுவேன். ஈஜோக் சாலையில் குலை ஏற்றிய லோரி போகிற சத்தம்தான் கனவுக்குள் கேட்கிற சத்தமாக இருக்கும்.

முதல் வருடம் நாங்கள் ஆடியதைவிடச் சண்டை போட்டது அதிகம். பட்டது, படவில்லை, கேடயத்தில் பட்டது, கோட்டுக்கு வெளியே பட்டது. ஞாயிற்றுக்கிழமை தகராறு வாட்ஸ்அப்பில் புதன்கிழமை வரை ஓடும். என் அப்பா பிறந்த தோட்டத்து லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்டால், கங்காணி மாதிரி வேலை வாங்குகிற மண்டோர் வந்து ஒரு சத்தம் போடுவாராம், அதோடு வழக்கு முடிந்ததாம். எங்கள் குழுவிலும் யாராவது அவசரப்பட்டு முடிவு சொன்னால் அதற்கு மண்டோர் சத்தம் என்று பெயர். அப்படி ஆகிவிடக் கூடாது என்று உட்கார்ந்து நாற்பத்தொரு விதி எழுதினோம். பெரும்பாலும் நான்தான் எழுதினேன்.

அதில் மூன்றுதான் முக்கியம். விசில் ஊதினால் எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தபடி நிற்க வேண்டும். அடுத்து, வழக்காடும் இரண்டு பேரும் தன் கட்சியைச் சொல்லிவிட்டு, எதிராளியின் கட்சியையும் தன் வாயால் சொல்ல வேண்டும். "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று எதிராளி தலையாட்டும் வரை சொல்ல வேண்டும். இதற்கு வாய் மாற்றுவது என்று பெயர் வைத்தோம். கடைசியாக, நடுவர் சொன்ன தீர்ப்பு திரும்பாது.

வாய் மாற்றுவதில் ஒரு வேடிக்கை உண்டு. பாதி வழக்குகளில் நான் தீர்ப்பே சொல்ல வேண்டியிருக்காது. ஒருமுறை கேடயத்தில் பட்டதா தோளில் பட்டதா என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மற்றவரின் கட்சியைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, "ஐயோ, ஆமாலா, நான் கேடயத்த எறக்கிட்டேன்" என்று சிரித்துவிட்டார். எதிராளி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் தன் பொய் தனக்கே தெரிந்துவிடுகிறது.

விசில் ஊதியபின் வருகிற அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓங்கிய வாள் ஓங்கியபடி, ஓடியவர் ஒரு காலைத் தூக்கியபடி. சிலையாகிவிட்ட ஆட்களுக்கு நடுவே நான் ஒருத்தி மட்டும் நடந்து போவேன். மட்டைகள் உரசும் சத்தம் மட்டும் இருக்கும். உலகத்தை நிறுத்திவைத்து நியாயம் பார்க்கிற உரிமை யாருக்குக் கிடைக்கும்? எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு மேட்டுநாட்டுக்காரர்கள் ஆற்றைப் பிடிக்க வந்தார்கள். படகோட்டி பலகையை விட்டு நகரவில்லை. சட்டைக் கையில் இரண்டு மஞ்சள் தடம் விழுந்திருந்தது, இரண்டையும் அவரே கைதூக்கி ஒத்துக்கொண்டார். இன்னொன்று விழுந்தால் சாவு. அவர் ஒரு இளம் செம்பனையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து, மட்டைகளுக்கு இடையே ஓர் ஈட்டி நீண்டது. ஈட்டிக்காரி சுங்கை புரோங் பெண், தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பொய் சொல்லத் தெரியாதவள். "குத்திட்டேன்!" என்று கத்தினாள். படகோட்டி ஏதோ சொல்ல வேண்டும் என்பதுபோல உயரக் கையைத் தூக்கினார்.

நான் விசில் ஊதினேன்.

"மெத்துன்னு பட்டுச்சுக்கா, எனக்கு நல்லா தெரிஞ்சுச்சு" என்றாள் ஆசிரியை. நான் அவர் பின்னால் போய்ப் பார்த்தேன். வலது தோளுக்குக் கீழே உள்ளங்கை அளவு மஞ்சள். அதற்குமேல் என்ன வேண்டும்?

அடுத்து அவரைக் கேட்க வேண்டும். அவரும் வாயைத் திறந்தார். "நான் ஒண்ணு சொல்லணும்..."

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள் என்பது அந்த நொடியில் தெரிந்தது. கட்டினவருக்காக விதியை வளைக்கிறாளா என்று பார்க்கிறார்கள். யாரும் அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றியது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா, வீட்டில் அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் நான்தானே என்றும் தோன்றியது.

"அதெல்லாம் வீட்டுல பேசிக்கலாம்" என்றேன். "படகோட்டி செத்தாச்சு."

சிலையாக நின்றவர்களெல்லாம் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் தூக்கிய கையை மெதுவாக இறக்கினார். கொட்டகைக்குப் போய் வெள்ளைத் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு, சுடுதண்ணீரில் மைலோவைக் கலக்க ஆரம்பித்தார். அன்று கிளம்பும்போது ஆளாளுக்கு என்னிடம் வந்து சொன்னார்கள். "வீட்டுக்காரர்னுகூட பாக்கல பாருங்கக்கா, அதான் நியாயம்." எனக்கு அது இனித்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இனித்தது. பக்கத்தில் அவர் ஒரு வார்த்தை பேசாமல் காடி ஓட்டிக்கொண்டு வந்தார். வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்துச் சட்டைகளை மெஷினில் போட முடியாது, மற்ற துணியெல்லாம் மஞ்சளாகிவிடும். அன்று சாயங்காலமே வாளியில் நனைத்து, கட்டிச் சோப்பு எடுத்துக் கையால் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும், இது நம் வீடுகளில் துணி துவைத்த எல்லாருக்கும் தெரியும். சட்டைக் கையில் இருந்த இரண்டு தடமும் குங்குமம் கொட்டியது போலச் சிவந்தன. முதுகைத் திருப்பினேன். தோளுக்குக் கீழே இருந்த தடம் சிவக்கவில்லை. சோப்பை அழுத்தித் தேய்த்தேன். மஞ்சளாகவே நுரைத்து, தண்ணீரோடு போய்விட்டது.

கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் லேசாகச் சோம்பு வாசனை இருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஈஜோக்கிற்கு ஓட்டினேன். பலகை அருகே அதே மரம். அவர் முதுகை ஒட்டி நின்ற இடத்தில், தோள் உயரத்தில் ஓர் ஆண் பூ, விரல் விரலாக மலர்ந்து, சின்ன வண்டுகள் மொய்த்துக்கொண்டு. அதில் இரண்டு விரல் முறிந்திருந்தது. கைக்குட்டையைப் பூவில் ஒற்றினேன். சட்டையில் பார்த்த அதே மஞ்சள், மகரந்தம். தொழிற்சாலைக் குளியலறையிலிருந்து ஒரு துண்டு சோப்பு எடுத்துப் போயிருந்தேன். பழக்கதோஷம், சோதிக்காமல் எதையும் எழுத மாட்டேன். சோப்பை நனைத்து முறிந்த இடத்தில் தேய்த்தேன். அங்கே மட்டும் சிவந்தது.

ஈட்டி குத்தியது பூவை. ஆசிரியைக்கு மெத்தென்று பட்டதும் பூதான். உதிர்ந்த பொடிதான் அவர் முதுகில் விழுந்திருக்கிறது. படகோட்டிக்கு மூன்றாவது காயம் படவே இல்லை.

அந்த மரத்தடியிலேயே நெடுநேரம் நின்றேன். யாரும் இல்லாத தோட்டம், ஆனாலும் யாரோ விசில் ஊதி எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருப்பது போல இருந்தது. நான் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதற்குக் காரணம் அந்த மஞ்சள் தடம் மட்டும் இல்லை. எதிராகச் சொன்னால் அது நியாயமாகத் தெரியும், அதுதான் காரணம். வேறு யாராக இருந்தாலும் நான் கேட்டிருப்பேன், வாய் மாற்றச் சொல்லியிருப்பேன், மரத்தைச் சுற்றி வந்து பார்த்திருப்பேன். அவர் என் கணவர் என்பதால் எல்லாருக்கும் கொடுத்ததை அவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. தீர்ப்பு திரும்பாது என்று நானே எழுதிய விதி இருக்கிறதே, அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். அடுத்த ஆட்டத்துக்கு அவர் வரவில்லை. "வேற ஆளா வாங்களேன், வைத்தியரா வாங்க, எடம் காலியா இருக்கு" என்றேன். "இல்ல, நீ போ" என்றார். மூன்றே வார்த்தை. நான் கிளம்பும்போது வாசலில் நின்று ஏற்கெனவே கழுவிய காடியைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குப் பலகையில் வேறொருவர் நின்றார். வருகிறவர்களை எல்லாம் "போங்க, போங்க" என்று கை காட்டி அனுப்பினார். கேள்வி இல்லை. ஆறு வெறும் பாரிட் ஆகிவிட்டது. வரிசைகள் வெறும் வரிசைகளாகத் தெரிந்தன. துப்பட்டா சுற்றிய தொழிற்சாலை ஆட்களும் கடைக்காரர்களும் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். மதியம் ஒரு வழக்கு வந்தது. வாய் மாற்றச் சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. இரண்டு பேரும் காத்துக்கொண்டே நின்றார்கள். நானே பூவா தலையா போட்டு முடித்துவைத்தேன். அவர் இல்லாமல் எனக்கு அந்தக் கனவு வராது என்பது அப்போதுதான் புரிந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தின் காலையில் அவரிடம் சொன்னேன். "இன்னிக்கு நீங்க வரணும். ஒரு வழக்கு இருக்கு."

"செத்தவனுக்கு அங்க என்ன வேல?"

"வாங்க, சொல்றேன்."

வந்தார். வேஷம் கட்டவில்லை, வீட்டில் போடுகிற சிலுவாரும் பனியனுமாக வந்தார். கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து, சட்டை, சோப்பு, பூ, எல்லாவற்றையும் சொன்னேன். கைக்குட்டையைக் காட்டினேன். எப்போது தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். விசிலைக் கழற்றி, எங்களில் மூத்தவரான தொழிற்சாலை பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தேன். "இந்த வழக்குல நான் ஒரு கட்சி. நீங்க கேளுங்கண்ணே."

ஆசிரியை அழாத குறை. "அண்ணே, மெத்துன்னு பட்டுச்சுன்னுதான் சொன்னேன், பூன்னு தெரியாதுண்ணே." என் கணவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

யாரோ விதியை ஞாபகப்படுத்தினார்கள். தீர்ப்பு திரும்பாதே? பஸ்காரர் விசிலை உள்ளங்கையில் உருட்டினார். "தீர்ப்பு திரும்பாது, சரிலா. ஆனா அது தீர்ப்பா? ஒரு பக்கத்தத்தான கேட்டாங்க. ரெண்டு பக்கமும் கேக்காம சொன்னது மண்டோர் சத்தம். அதுக்கு விதி இல்ல. படகோட்டி உசுரோட இருக்காரு."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. எழுந்துகூட விட்டேன். அப்போது என் கணவர் கையைத் தூக்கினார், அன்றைக்குத் தூக்கியது போலவே உயர.

"இன்னும் முடியல" என்றார். "அவங்க வாய் மாத்தணும். நான் அன்னிக்குச் சொல்ல வந்தத அவங்க சொல்லணும்."

பஸ்காரர் என்னைப் பார்த்தார். நியாயம்தான். நான் கணவர் முன்னால் போய் நின்றேன்.

"ஈட்டி என்மேல படல, பூவுல பட்டுச்சு. அதானே?"

அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். "அது அப்ப எனக்கே தெரியாது. பட்டுருக்கும்னுதான் நெனச்சேன்."

"என் பக்கத்தையும் கேளு. எல்லாரையும் கேக்கற மாதிரி என்னையும் கேளு" என்றேன், அவராகி.

இல்லை.

"என்னைய எல்லார் முன்னாடியும் சிரிக்க வெக்காத."

அதுவும் இல்லை. இவ்வளவு வருடம் இந்த மனிதருக்கும் சேர்த்துப் பேசியவள், அவருடைய ஒரு வாக்கியத்தை ஊகிக்க முடியாமல் நின்றேன். "தெரியல" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

அவர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. "இந்த வழக்க வேற யாராச்சும் பாக்கட்டும்னு சொல்ல வந்தேன். நீ எனக்கு எதிராத்தான் சொல்லுவன்னு தெரியும். சொல்லிட்டு அப்புறம் நீ தனியா கெடந்து கஷ்டப்படுவன்னும் தெரியும். அந்த வேல ஒனக்கு வேணாம்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்."

நாற்பத்தொரு விதி எழுதினோம். சொந்தக்காரர் வழக்கைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்று ஒன்று எழுதத் தோன்றவில்லை. அவருக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. அதைச் சொல்லத்தான் கையைத் தூக்கியிருக்கிறார், சாகப்போகிற நேரத்தில், எனக்காக.

"சொல்லுங்கக்கா" என்றாள் ஆசிரியை மெல்ல. சொல்ல வேண்டும், விதி அது. அவர் தலையாட்டும் வரை அவர் சொன்னதை என் வாயால் சொல்ல வேண்டும்.

"இந்த வழக்க வேற யாராச்சும் பாக்கட்டும்" என்று ஆரம்பித்தேன். "நீ எனக்கு எதிராத்தான் சொல்லுவன்னு தெரியும். சொல்லிட்டு அப்புறம்..." அங்கேயே நிறுத்திவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். இன்னும் பாதி பாக்கியிருந்தது. அவர் அதற்குள் தலையாட்டிவிட்டார்.